வீட்டுச் சமையலை அலுக்க வைக்கும் தவறுகள்

அடுப்படிக்குள் கால் வைக்கும்போதே சலிப்பு வருகிறது என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். தினப்படிச் சமையலையும் விசேஷச் சமையல் மாதிரி இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் சிக்கல். விசேஷ வீட்டில் காய் நறுக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், பந்தி பரிமாற நாலு பேர் என்று ஆள் இருக்கும். வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ ஒரு அடுக்குமாடி வீட்டில் இருப்பது இரண்டு பர்னர், ஒற்றை ஆள், எட்டு மணிக்குள் டப்பா கட்டிக்கொண்டு ஓட வேண்டிய பிள்ளைகள். இந்தக் கணக்கை மறந்துவிட்டு, சமையலில் சந்தோஷம் இல்லையே என்று வருத்தப்பட்டால் எப்படி வரும்?

ஒரே நாளில் எல்லாம் வேண்டும் என்பது

சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், மோர். செவ்வாய்க்கிழமை காலையில் இத்தனையும் செய்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு குழம்பு, ஒரு காய், தயிர். வார நாளுக்கு இது போதும்.

நம் பழைய ஜோடிகளைக் கவனித்தாலே இது புரியும். மோர்க்குழம்பு வைத்தால் பருப்பு உசிலி. வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளமும் ஒரு கீரை மசியலும். ரசம் மட்டும் என்றால் பருப்புத் துவையல். குழம்பில் பருப்பு இல்லாத நாளில் பக்கத்தில் பருப்பு வரும். குழம்பு புளித்தால் பக்கத்தில் சாந்தமாக ஒன்று இருக்கும். யோசித்துச் செய்த ஏற்பாடு. இதைப் பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை தானாகக் குறையும், சாப்பிடுகிறவர்களுக்கும் ஏதோ குறைந்த மாதிரி தோன்றாது. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டவைத்த வத்தக்குழம்பு அடுத்த நாளும் நன்றாகவே இருக்கும் என்பதால், ஒரு நாள் வேலையில் இரண்டு நாள் நகரும்.

இதன் தங்கை ஆளுக்கொரு சமையல். மாமனாருக்குக் காரம் ஆகாது, பெரியவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது, சின்னவனுக்கு எதுவுமே ஆகாது. நாலு பேருக்கு நாலு பாத்திரம் ஏற்றுவதற்குப் பதில், ஒரே பாத்திரத்தில் எந்த இடத்தில் பிரிக்கலாம் என்று பாருங்கள். பருப்பை வேகவைத்ததும் மிளகாய் சேராமல் ஒரு கிண்ணம் தனியே எடுத்து, நெய்யும் சீரகமும் தாளித்தால் பெரியவருக்கும் குழந்தைக்கும் ஆச்சு. மிச்சத்தில் சாம்பார். காரத்தைக் கடைசியில் கூட்டுவது எளிது. போட்டதை எடுக்கவே முடியாது.

புளியை முந்திக்கொண்டு ஊற்றுவது

மனசு அலுத்துப்போவதற்கு ஒரு காரணம், பாடுபட்டுச் செய்தும் ருசி சேராமல் போவது. சாம்பாரில் முருங்கைக்காய் நறநறவென்று இருப்பதும், பருப்பு ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் நிற்பதும் கைராசி விவகாரம் இல்லை. புளிப்பு இருக்கும் இடத்தில் காய் சீக்கிரம் குழையாது. காயின் சதையைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் கரையத் தயங்கும். அதனால் காயை உப்பு, மஞ்சள்தூள் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, அதற்குப் பிறகு புளிக்கரைசல். அது கொதித்துப் பச்சை வாசனை போன பின் வெந்த பருப்பு. பருப்பையும் புளியையும் ஒன்றாகக் குக்கரில் வைத்துவிட்டு விசில் எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை.

சென்னைக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு: போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினோடு சேர்ந்து இறுகிக்கொள்வதால் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். பருப்பு வேகவைக்க மட்டும் கேன் தண்ணீர் எடுப்பதை இந்த ஊரில் பல வீடுகளில் பார்க்கலாம். ஆடம்பரம் இல்லை, அவசியம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் கேஸும் மிச்சம்.

ரசத்துக்கு நேர் எதிர் விதி. பருப்புத் தண்ணீர் விட்டபின் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பி வரும்போது அடுப்பை அணைத்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு மூடிவிட வேண்டும். தளதளவென்று கொதித்த ரசத்தில் வாசனையெல்லாம் அடுப்படிக்குப் போயிருக்கும், தட்டுக்கு வராது. ஈயச் சொம்பில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு போன் எடுக்கப் போனால் சொம்பு போச்சு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை.

மாவுக்குக் கடிகாரம் பார்ப்பது

எட்டு மணி நேரம் புளிக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்வார்கள். எந்த ஊர், எந்த மாதம் என்று சொல்ல மாட்டார்கள். சென்னையில் மே மாத இரவில்கூட வெப்பம் 28 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும்; மார்கழி, தையில் அது 21 டிகிரி வாக்கில் இறங்கும். உளுந்தோடு கூடவே வருகிற நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்கவைக்கின்றன, அவற்றுக்குச் சூடு பிடிக்கும். அதே மாவு அக்னி நட்சத்திரத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் எழும்பிவிடும்; மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூடக் கேட்கும்.

மே மாதம் இரவு எட்டுக்கு ஆட்டி, பாத்திரம் நிறைய ஊற்றி, மேடையில் வைத்துவிட்டுப் படுத்தால் விடிகாலை என்ன நடக்கும்? மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வழிந்து, மேடை ஓரமாக இறங்கி, சிலிண்டர் ட்யூப் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும். ஐந்தரை மணிக்கு அதைச் சுரண்டிக்கொண்டே சமையலில் ஆனந்தம் காண யாராலும் முடியாது. கோடையில் பாதிப் பாத்திரம் மட்டும் ஊற்றுங்கள், அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள், படுக்கப் போகுமுன் லேசாக எழும்பியிருந்தால் அப்போதே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். உளுந்தை ஆட்டும்போது ஃபிரிட்ஜ் தண்ணீர் தெளித்து ஆட்டினால் மாவு சூடேறாது. மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால் கோடையில் ஆட்டியதும் உப்புப் போட்டுவிடலாம், குளிர் மாதத்தில் மாவு பொங்கியபின் போட்டால் போதும்.

தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்குவது குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆட்ட முடியாத வாரத்தில் வாங்கி, நல்ல சட்னி ஒன்று அரைத்துவிட்டால் யாரும் மாவின் பூர்வீகம் விசாரிக்க மாட்டார்கள்.

மலிவாகக் கிடைத்ததையெல்லாம் வாங்குவது

கோயம்பேடு சந்தை 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து இடம் மாறி வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே போய் ஒரு கிலோ தக்காளியோடு திரும்பியவரைக் காண்பது அரிது. ஐந்து கிலோ தக்காளி, ஒரு சாக்குச் சின்ன வெங்காயம், நாலு கட்டுக் கீரை. ஞாயிறு மாலை அத்தனையும் மேடையில் குவிந்து கிடக்கும். திங்கள் முதல் அந்தக் காய்களுக்காக நாம் சமைப்போம், நமக்காக இல்லை. புதன்கிழமை கீரை மஞ்சளாகும்போது வருகிற குற்ற உணர்ச்சி, மிச்சம் பிடித்த இருபது ரூபாயைவிடப் பெரிசு. கீரையும் கொத்தமல்லியும் தெருவில் வரும் தள்ளுவண்டியில் அன்றன்றைக்கு வாங்குங்கள். வெங்காயம், உருளை, சேனை, பூசணி ஆகியவற்றுக்கு மொத்தச் சந்தை சரி.

மீன் வாங்கப் போகும்போது முடிவோடு போவது

ஞாயிறு என்றால் வஞ்சிரம்தான் என்று தீர்மானித்துக்கொண்டு காசிமேட்டுக்கோ சிந்தாதிரிப்பேட்டைக்கோ போனால் பர்ஸும் மனசும் ஒருசேரக் கனத்துப்போகும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 நாள். அந்த இரண்டு மாதமும் பெரிய மீன் விலை ஏறித்தான் இருக்கும். கரையோரம் போய் வரும் ஃபைபர் படகுகளில் கிடைக்கும் சின்ன மீன்களைத்தான் அப்போது பார்க்க வேண்டும். நெத்திலியும் மத்தியும் குழம்புக்கு வஞ்சிரத்தைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. மாங்காய் சீசனும் அப்போதுதான் என்பதால் புளியைக் குறைத்து இரண்டு துண்டு மாங்காய் போட்டுவிடலாம்.

"அக்கா, குழம்புக்கா, வறுவலுக்கா? சொல்லு, அதுக்கு ஏத்தா மாரி போட்டுத் தரேன்" என்று வெட்டுகிறவர் கேட்பார். பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீட்டில் வந்து மறுபடி கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று, அழுத்தினால் குழி விழாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்தத் துண்டு எதற்கு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகே மீன் இறங்க வேண்டும். அதற்கப்புறம் கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். மிதமான தீயில் பத்து நிமிஷத்துக்குள் வெந்துவிடும். மீன் போடாத குழம்பைச் சனிக்கிழமை இரவே கூட்டிக் கொதிக்கவைத்துக்கொண்டால் ஞாயிறு காலை வேர்க்க விறுவிறுக்க நிற்கத் தேவையில்லை. மசாலாவும் புளியும் சேர்ந்து ஊறியிருப்பதால் ருசியும் கூடும்.

டப்பா கட்டும் அவசரம்

ஆவி பறக்கும் சாதத்தை டப்பாவில் அடைத்து மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டி, பதினொன்றரைக்குள் கொழகொழத்துவிடும். தட்டில் பரப்பி ஐந்து நிமிஷம் ஆறவிட்டுக் கட்டுங்கள். தயிர்சாதத்தில் காலையிலேயே தயிரை நிறைய ஊற்றுவது அடுத்த தவறு. குழைந்த சாதத்தை மசித்து, வெதுவெதுப்பான பால் விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து அனுப்பினால் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்குப் புளிக்காத தயிர்சாதமாக உறைந்திருக்கும். சென்னை வெயிலை நாம் வேலை வாங்குகிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

மிஞ்சிய சாதத்தை ராத்திரி முழுக்க மேடையிலேயே விட்டுவிட்டு, காலையில் தாளித்து எலுமிச்சை சாதம் ஆக்குவது வேண்டாம். சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் வேகும்போதும் சாவதில்லை, அது கக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆறிய கையோடு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் எடுத்துத் தாளிக்கலாம்.

சமைத்தவர் கடைசியில் சாப்பிடுவது

மற்றதையெல்லாம் சரி செய்துவிட்டு இதை மட்டும் விட்டால் ஒன்றும் மாறாது. ராத்திரி தோசை என்றால் பல வீடுகளில் காட்சி ஒன்றுதான். டிவி முன்னால் மூன்று தட்டு. அடுப்படியில் ஒருவர் கல்லோடு. "அம்மா, இன்னொண்ணு!" "இதோ வருது!" "எனக்கு முறுவலா!" கடைசித் தோசை ஊற்றும்போது சட்னி தீர்ந்திருக்கும், பேச்சும் முடிந்திருக்கும். குடும்பத்துக்காகச் சமைத்தவருக்குக் குடும்பத்தோடு சாப்பிடத்தான் கொடுப்பினை இல்லை. கூடவே முதல் வாய்க்கே "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று ஒரு தீர்ப்பு.

உட்கார்ந்து சாப்பிட முடிகிற பலகாரத்தை வாரத்தில் பெரும்பாலான இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இட்லி, வெண்பொங்கல், அரிசி உப்புமா, இடியாப்பம் எல்லாம் மொத்தமாக இறக்கி மேஜைக்குக் கொண்டுவரக்கூடியவை. தோசையோ பூரியோ வேண்டுமென்றால் கல்லுக்கு முறை வையுங்கள்: ஆளுக்கு நாலு ஊற்றிவிட்டு அடுத்தவர் கையில் கரண்டி. அப்பா ஊற்றுகிற தோசை ஓரம் தடித்திருக்கும், பையன் எண்ணெயைக் கொட்டுவான். அந்த நேரத்தில் பின்னால் நின்று திருத்தம் சொன்னால் அடுத்த வாரம் ஒருத்தரும் வர மாட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் உங்கள் தட்டைப் பாருங்கள். சின்ன வெங்காயம் உரிப்பதும் அப்படித்தான். பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் ஏழு வயசுப் பிள்ளையும் உரிக்கும், கண்ணும் அவ்வளவு எரியாது. தோலோடு வெங்காயமும் கொஞ்சம் போகும், போகட்டும்.

உப்பு விஷயத்துக்கு மேஜையில் ஒரு உப்புக் கிண்ணம் வைத்துவிடுங்கள். வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்வார்கள்.