காசிமேட்டு மீன் கடைக்கு ஒரு பக்க வெப்சைட்

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: பக்கத்தைத் திறப்பவர் என்ன செய்ய வேண்டும்? மீன் கடை என்றால், போன் போட்டு ஆர்டர் சொல்ல வேண்டும். அதற்கு உதவாததை வைக்காதீர்கள். ஓடும் எழுத்து, தானாக நகரும் படங்கள் எல்லாம் தொல்லைதான். வஞ்சிரம் விலையைப் படித்து முடிப்பதற்குள் நண்டு வந்து நிற்கும்.

மேலிருந்து கீழாக: கடைப் பெயர், இன்றைய மீனும் விலையும், போன் பட்டன், கடை நேரம், வழி. போதும்.

எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு, 18 பிக்சல். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.7 மடங்கு. ஆங்கிலத்துக்குச் சரிவரும் 1.2-ஐ அப்படியே விட்டால், மேல்வரி 'மூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலம் போலத் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் தலைப்பை 28 பிக்சலில் தடிமனாக்குங்கள். சாய்வெழுத்து வேண்டாம்.

சொதப்புவது பெரும்பாலும் இடைவெளியில்தான். மீன் பெயருக்கும் அதன் விலைக்கும் நடுவே 8 பிக்சல். அடுத்த மீனுக்கு முன் 24. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் வஞ்சிரத்தின் விலை சங்கராவுடையது போலத் தெரியும். கோடு போட்டுப் பிரிக்கத் தோன்றும். கோடே வேண்டாம், வெற்றிடமே பிரித்துக் காட்டும்.

வெள்ளைப் பின்னணியில் #777777 சாம்பல் எழுத்து வீட்டுக்குள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 4.48, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது வெப் அணுகல் விதி. துறைமுக வெயிலில் போனைப் பார்ப்பவருக்கு 4.5-ஏ போதாது. இன்னும் அடர்ந்த சாம்பல் #595959 போட்டால் 7 கிடைக்கும். பளிச்சென்ற நிறம் ஒன்றே ஒன்று, அதுவும் பட்டனுக்கு மட்டும்.

பட்டன் உயரம் 48 பிக்சல். அதில் 'தொடர்புக்கு' என்று எழுதாமல் 'போன் பண்ணுங்க' என்றே எழுதுங்கள். எண்ணைப் படமாகப் போட்டால், தட்டினாலும் அழைப்பு போகாது.

விலைக்கு மேலே அன்றைய தேதி கட்டாயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது என்ன மீன் கிடைக்கும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பக்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் வெயிலில் போனைக் கொடுத்து, "சங்கரா கிலோ எவ்வளவு?" என்று கேளுங்கள். கண் தேடி அலைந்தால் எழுத்தைப் பெரிதாக்காதீர்கள். முதலில் இடைவெளியைப் பாருங்கள். பிறகு எதை எடுக்கலாம் என்று பாருங்கள்.