பாட்டுக்கு முன்னால் பொழிப்புரை வேண்டாம்

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பள்ளிகளுக்கு பி.எட். பயிற்சிக்காக இளம் தமிழாசிரியர்கள் வருகிறார்கள். சங்கப் பாட்டு எடுக்கச் சொன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். சீர் பிரிக்கத் தடுமாறுவது, ழகரம் வழுக்குவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பொழிப்புரையில் தொடங்குவது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. குறுந்தொகை 290ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே அடி.

காமம் தாங்குமதி என்போர் தாமஃது
அறியலர் கொல்லோ அனைமதுகையர் கொல்
யாமெம் காதலர்க் காணே மாயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே

ஆசிரியர் உள்ளே வருகிறார். புத்தகத்தைத் திறக்குமுன் சொல்கிறார்: “பிரிவைப் பொறுத்துக்கொள் என்ற தோழியிடம், தலைவனைக் காணாவிட்டால் நுரைபோல அழிந்துபோவேன் என்று தலைவி கூறினாள். எழுதிக்கோங்க.” பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பாட்டைப் படிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இந்த ஒரு வரியை எத்தனையோ நெய்தல் பாட்டுகளுக்கு, அதாவது கடற்கரைத் திணைப் பாட்டுகளுக்கு, பேர் மாற்றாமல் போட்டுவிடலாம். அப்படியானால் இந்தப் பாட்டு எதற்கு?

பொழிப்புரையில் விழுந்துபோவது என்னென்ன என்று பாருங்கள். “காமம் தாங்குமதி” என்பது தலைவியின் சொல் அல்ல. தோழி சற்று முன் சொன்னது. அதைத் தோழியின் முகத்துக்கு நேராகவே திருப்பிச் சொல்கிறாள். அதுவும் “என்றாயே” என்று சொல்லவில்லை, “என்போர்” என்கிறாள். உயிர்த்தோழி எதிரே நிற்க, யாரோ வேற்று ஆள்களைப் பற்றிப் பேசுவதுபோல ஒதுக்கிவிடுகிறாள். அடுத்து இரண்டு கேள்விகள்: அவர்களுக்குக் காமம் என்னவென்றே தெரியாதோ, இல்லை அத்தனை வலிமை உள்ளவர்களோ? உரையில் இந்தக் கோபம் மறைந்து அழுகை மட்டும் மிஞ்சுகிறது. “காணேமாயின்” என்று தொடங்கிய வாக்கியம் கடைசிச் சொல்லில்தான் முடிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். முடிவை முன்பே சொல்லிவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விட்டது.

ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி ஆசிரியர், “அலை மோதியதும் நுரை சட்டென்று மறைகிறதல்லவா, அதுபோல” என்று விளக்கினார். கடல்தொழில் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, “பொசுக்குன்னு போகாது சார். கல்லுல ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒவ்வொண்ணா உடையும்” என்றாள். “மெல்ல மெல்ல” என்பதற்கு அதைவிட நல்ல உரை வேண்டுமா? அவரோ, “பரீட்சைக்கு அதெல்லாம் வேண்டாம், உட்காரும்மா” என்றார். உட்கார்ந்தவள் அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை.

பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. உவமையையே பேராக வைத்து, கல்பொரு சிறுநுரையார் என்கிறோம். ஒரு மனிதருக்குப் பேராக நின்ற உவமையை, கடல் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் ‘அணி: உவமையணி, 1 மதிப்பெண்’ என்று முடிப்பது அநியாயம்.

செய்ய வேண்டியது இதுதான். விளக்கம் சொல்லாமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். மதுகை என்றால் வலிமை, துனி என்றால் துன்பம். இரண்டையும் பலகையில் எழுதிப் போடுங்கள். பிறகு கேளுங்கள்: யார் பேசுகிறாள்? எதிரே யார்? எதிரே நிற்பவள் இதற்கு முன் என்ன சொல்லியிருப்பாள்? மூன்றாவது கேள்விக்கு வகுப்பு விடை தேடும்போது குறுக்கே பேசாதீர்கள். உரை எல்லாம் அதற்கப்புறம். அப்போது உ.வே.சா. உரையைக் கொடுத்தால் பிள்ளைகள் அதோடு வாதாடவே தொடங்குவார்கள்.

பாட்டில் இல்லாத கருப்பொருள்

நெய்தல் என்றதும் அந்தத் திணைக்குரிய பொழுது, தெய்வம், மரம், மீன், தொழில் என்று அட்டவணை வந்துவிடுகிறது: எற்பாடு, வருணன், புன்னை, சுறா, உப்பு. இந்தப் பாட்டில் பொழுது இல்லை, மரம் இல்லை, மீன் இல்லை. நீர், கல், நுரை, அவ்வளவே. “பாடலுள் பயின்றவை நாடுங்காலை” என்று தொல்காப்பியம் தெளிவாகச் சொல்கிறது. பாட்டில் வருவதைத் தேடச் சொல்லுங்கள். அட்டவணையில் இருப்பதை அல்ல.

ஊர்ப்பெருமையில் பாட்டைத் தொலைப்பது

இது நம் கரைக்கே உரிய ஆபத்து. அகநானூறு 70இல் “வென்வேற் கவுரியர் தொன்முது கோடி” வருகிறது. கவுரியர் என்றால் பாண்டியர்; கோடி என்பதைத் தனுஷ்கோடி என்று கொள்வோர் உண்டு. அவ்வளவுதான், பாடவேளை முழுக்க ராமர், சேது, 1964 புயல், இடிந்த சர்ச். பிள்ளைகளும் ஆவலாகக் கேட்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் தோழி சொல்ல வருவது வேறு. திருமணம் உறுதியாகிவிட்டது, இதுவரை அவர்கள் காதலைப் பற்றி அலர் (பழிப்பேச்சு) தூற்றிய ஊர் வாயடைத்துப்போனது. எப்படி? இராமன் மறைபொருள் ஆராய்வதற்காக, பறவைகளின் ஒலி அவிக்கப்பட்ட பல விழுதுள்ள ஆலமரம்போல. அந்தத் துறையிலோ கடல் ஓயாமல் முழங்குகிறது. முழங்கும் கடலோரத்தில் ஒலி அடங்கிய ஒரு மரம். கோடியில் நின்று அந்த இரைச்சலைக் கேட்ட பிள்ளைக்கு இந்த அமைதியின் அளவு தெரியும். ஊரைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் அந்த மரத்தடிக்குக் கூட்டிவருவதற்காகப் பேசுங்கள்.

பாடியவரின் சொந்தக் கதை என்பது

அகத்திணையில், அதாவது காதலைப் பாடும் பாட்டுகளில், ஒருவர் பேரைச் சுட்டக்கூடாது என்பது மரபு. பேசுகிறவள் தலைவி, எழுதியவர் புலவர்.

எதுகை, மோனைப் பட்டியல்

கோடு போட்டுக் காட்டுவது பாதி வேலைதான். “மெல்ல மெல்ல இல்லா” என்று ‘ல்ல’ மூன்று முறை வருகிறதே, முதல் அடியின் வேகம் அங்கே எப்படித் தளர்கிறது என்று கேட்பது மீதி.

ஒரே பாடவேளையில் மூன்று பாட்டு

வேண்டாம்.

முதல் நாளே ஒப்பிக்கச் சொல்வது

மனப்பாடத்தை நான் குறை சொல்லமாட்டேன். பாட்டு நாவில் இருக்க வேண்டும். ஆனால் கேள்விகள் முடிந்த மறுநாள் கேளுங்கள். யார் யாரிடம் பேசுகிறாள் என்று தெரிந்த பிள்ளை ஆறடியையும் பெரும்பாலும் தானாகவே சொல்லிவிடும். “அனைமதுகையர்” என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும்.