மலர்ப் பள்ளத்தாக்குக்கு முதன்முறை நடப்பவர்களுக்கு

நம் ஊரில் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது அங்கே பனி கிடக்கும். ஜூன் 1ஆம் தேதி திறப்பார்கள், அக்டோபர் இறுதியில் மூடுவார்கள். அந்த ஐந்து மாதத்துக்குள் செடிகள் முளைத்து, பூத்து, விதை போட்டாக வேண்டும். அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்.

படி 1: வாரம்

ஜூனில் பனிப்பாளங்கள் மிச்சமிருக்கும், பூ குறைவு. ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை வகை அதிகம், மழையும் அதிகம். செப்டம்பரில் வானம் தெளியும், ஆனால் பெரும்பாலான செடிகள் விதைக்குப் போயிருக்கும். என் ஓட்டு ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு. நனையத்தான் போகிறோம் என்று மனதைத் தயார் செய்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

படி 2: போய்ச் சேருவது

ரிஷிகேஷ் வரை வருவது உங்கள் பாடு. அங்கிருந்து ஜோஷிமட் ஒரு முழுப் பகல் பயணம். மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம் என்பதால் திட்டத்தில் ஒரு நாளை உபரியாக வையுங்கள். ஜோஷிமட்டைத் தாண்டி வரும் கோவிந்த்காட் வரை சாலை; அங்கிருந்து புல்னா வரை ஜீப், 4 கி.மீ. அதற்கு மேல் காங்கரியா வரை ஏறக்குறைய 10 கி.மீ. ஏற்றம். காங்கரியா 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இரவு அங்கே தங்கல்.

ஹேம்குண்ட் சாகிப் குருத்வாராவுக்குப் போகும் சீக்கிய யாத்ரீகர்களுக்கும் இதே வழிதான். ஆகவே கோவேறு கழுதைகள் வரிசை வரிசையாக வரும். கழுத்து மணி கேட்டதுமே மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி நின்றுவிடுங்கள். ஆற்றுப் பக்கம் ஒதுங்காதீர்கள். விலங்கு இடிக்காவிட்டாலும் அதன் மேலிருக்கும் மூட்டை இடிக்கும்.

படி 3: பூவைப் பார்ப்பது

இதற்கு ஒரு படியா என்று சிரிக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

காங்கரியாவைத் தாண்டியதும் பாதை பிரியும். வலது ஹேம்குண்டுக்கு, இடது பள்ளத்தாக்குக்கு. வனத்துறைச் சாவடி காலையில் திறக்கும்போதே வரிசையில் நில்லுங்கள். உள்ளே இரவு தங்க அனுமதியில்லை, கழுதையும் கிடையாது. புஷ்பாவதி ஆற்றுப் பாலம் கடந்ததும் பூர்ஜ மரக்காட்டுக்குள் செங்குத்தான கல்பாதை. அது முடியுமிடத்தில் பள்ளத்தாக்கு விரியும்.

விரிந்ததும் முதலில் கண்ணுக்குத் தெரிவது பச்சை. புகைப்படங்களில் பார்த்த கம்பளம் எங்கே என்று தேடுவார்கள், இரண்டு செல்ஃபி எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். பாதையோரப் பாறை ஒன்றில் பையை இறக்கிவிட்டு உட்காருங்கள். கைக்கெட்டும் அகலத்தில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் பாருங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம்; மண் மெத்தென்றிருக்கும், மிதித்த செடிக்கு அந்தப் பருவத்தில் இன்னொரு வாய்ப்பில்லை.

ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்பாக நிற்பது நம் காசித்தும்பையின் இனம். உடலெல்லாம் ரோமம் கொண்ட தடித்த வண்டுத்தேனீ அந்தப் பூவுக்குள் முழுசாக நுழைந்து, முதுகில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வரும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். நிழலில் படமெடுத்த பாம்பு போல நிற்கும் பூ, சேனைக்கிழங்கின் குடும்பம். நீலப் பாப்பியைத் தேடுகிறவர்கள் பாறை இடுக்குகளைப் பாருங்கள். தண்டு முழுக்க மெல்லிய முள் இருந்தால் அதுதான்.

வெள்ளைப் பூங்கொத்தோடு புதர்புதராக மண்டியிருப்பதை எல்லோரும் ஆசையாகப் படமெடுக்கிறார்கள். அதை வனத்துறையினர் ஆண்டுதோறும் பிடுங்கிப் போடுகிறார்கள். 1982இல் தேசியப் பூங்காவாகி மேய்ச்சல் நின்ற பிறகு, மற்ற செடிகளை அமுக்கிக்கொண்டு பரவியது அது.

கூட்டம் முதல் ஒரு கிலோமீட்டரோடு சரி. நீங்கள் மார்கரெட் லெக்கின் கல்லறை வரையாவது போங்கள். செடி சேகரிக்க வந்து, 1939இல் இங்கே வழுக்கி விழுந்து இறந்த தாவரவியலாளர் அவர். இந்த இடத்தை வெளியுலகம் அறியச் செய்தவர் ஃபிராங்க் ஸ்மைத். 1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் இங்கே வந்து இறங்கினார்.

படி 4: விலங்குகள்

பாறைக்குவியல் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். வாலில்லாத எலி போன்ற பைகா எட்டிப் பார்க்கும், முயலுக்குத்தான் சொந்தம். மோனல் பறவையைக் காட்டோரத்தில் அதிகாலையில் தேடுங்கள். ஆண் பறவை உலோகம் போல மின்னும். அது பறக்கும்போது முதுகின் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். பாறைச் சரிவில் சாம்பல் நிறத்தில் ஏதாவது நகர்ந்தால் பாரல் ஆடாக இருக்கலாம். கரடியும் உண்டு. ஆகவே தனியே பின்தங்க வேண்டாம், சாப்பாட்டை வெளியே வைக்க வேண்டாம்.

என்ன எடுத்துப் போவது

பையையும் சேர்த்து மூடும் பாஞ்சோ நல்லது. வழியில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் அங்கி ஒரு நாள் தாங்கினால் அதிசயம். பெரிய லென்ஸ் தேவையில்லை. அந்த எடைக்கு ஒரு 8x பைனாகுலர் எவ்வளவோ மேல். புது ஷூவை இங்கே பழக்காதீர்கள்.

பின்சேர்க்கை

பிரம்ம கமலம் பள்ளத்தாக்கில் ஏன் இல்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள். அது இன்னும் உயரத்தில், ஹேம்குண்ட் ஏற்றத்தின் மேல்பகுதியில் பூக்கிறது. நம் மொட்டைமாடிகளில் நள்ளிரவில் மலர்வது கள்ளி இனம், வேறு செடி. மலைக்காரி சூரியகாந்திக் குடும்பம். வெளிறிய காகித இதழ்களைப் போலத் தெரிபவை பூவை மூடும் செதில்கள், ஊதாப் பூக்கள் உள்ளே இருக்கும். பறிக்காதீர்கள்.

முழங்கால் வலி பற்றியும் கேட்டிருந்தார்கள். ஏறும்போது வராத வலி இறங்கும்போது வரும். ஒரு தடி போதாது, இரண்டாக வாங்குங்கள். பணத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்துவிடுங்கள்; மேலே சில்லறை நோட்டுக்குத்தான் மதிப்பு.