சருகிலிருந்து ஸ்லைடு வரை: நுண்ணிய கணுக்காலிகளைப் பிடித்துப் பதிப்பது எப்படி?

புதிதாக நுண்ணோக்கி வாங்கியவர்கள் முதலில் வெங்காயத் தோலைப் பார்ப்பார்கள், அடுத்து குளத்துத் தண்ணீர். பிறகு ஒரு எறும்பையோ கொசுவையோ தண்ணீர்ச் சொட்டில் போட்டு, கவர்ஸ்லிப் எனும் மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடுவார்கள். கறுப்பாக ஒரு நிழலும் அதைச் சுற்றிக் காற்றுக்குமிழிகளும்தான் தெரியும். லென்ஸ் மட்டம் என்று நினைத்துக் கருவியை எடுத்து வைத்துவிடுவார்கள்.

லென்ஸில் குறை இல்லை. இந்த வகை நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து வந்து, உடலை ஊடுருவி, மேலே போக வேண்டும். உடலுக்குள் தசையும் கொழுப்பும் செரித்த உணவும் அடைத்துக்கொண்டிருந்தால் எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவற்றை நீக்கி, வெளிக்கூட்டை மட்டும் கண்ணாடி போலத் தெளிய வைத்துவிட்டால், சாதாரண மாணவர் நுண்ணோக்கியிலேயே ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். இந்த வேலைக்குத் தேவையானது பொறுமையும் மருந்துக்கடையில் கிடைக்கும் சில பொருட்களும்தான்.

எதைத் தேடுவது

தொடங்குபவர்களுக்கு 0.2 மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரை உள்ள உயிர்கள் ஏற்றவை. அதைவிடப் பெரியவற்றை கவர்ஸ்லிப்புக்கு அடியில் அடக்குவது சிரமம். 40x லென்ஸின் நுனிக்கும் ஸ்லைடுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது என்பதை மறக்கக் கூடாது.

ஈரச் சருகில் சிற்றுண்ணிகள் (எட்டுக் கால் உள்ள மைட்கள்), வாலை அடித்துத் துள்ளும் ஸ்பிரிங்டெயில்கள், அதிர்ஷ்டம் இருந்தால் போலித்தேள்களும் கிடைக்கும். பூக்களில் இலைப்பேன், வெண்டை இலையின் அடிப்புறத்தில் செம்பேன், இளந்தளிரில் அசுவினி. வாசல் தோட்டமே போதும். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் எதையும் சேகரிக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

முதல் வேலை: பெர்லீஸ் புனல்

சருகைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்குவது வீண் வேலை. அவற்றைத் தானாக வெளியே வரவைக்கும் வழியை இத்தாலியப் பூச்சியியலாளர் அன்டோனியோ பெர்லீஸ் 1905-இல் சொன்னார். அவர் புனலைச் சுற்றி வெந்நீரால் சூடேற்றினார். சுவீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் துல்கிரென் 1918-இல் அதை மின்விளக்காக மாற்றினார். மண்ணுயிர் ஆய்வாளர்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த உயிர்கள் வறட்சியையும் வெளிச்சத்தையும் சூட்டையும் தாங்காமல் கீழே, இன்னும் கீழே என்று இறங்கும். இறங்க இடமில்லாதபோது புனல் வழியே குப்பிக்குள் விழும்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக அடிப்பகுதிக்குள் செருகினால் புனல் தயார். ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. கண்ணுள்ள வலைத்துண்டு ஒன்றை உள்ளே பொருத்துங்கள். ஜன்னல் கொசுவலைகூடப் பரவாயில்லை. அடியில் சிறு குப்பியில் இரண்டு விரல் உயரம் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும்.

சருகு எடுப்பதில்தான் பாதி வெற்றி. மேலே கிடக்கும் காய்ந்த இலைகளைத் தள்ளிவிடுங்கள். அதன் கீழே இலை நரம்பு மட்டும் மிஞ்சி, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஓர் அடுக்கு இருக்கும். அதுதான் வேண்டும். மா, பலா, புங்க மரங்களின் அடியில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில் எடுத்தால் நிறையவே கிடைக்கும். சருகை வலையில் வைக்கும் முன் ஒரு தாளின் மேல் மெல்லத் தட்டி மண்ணை உதிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் குப்பி முழுக்கச் சேறாகிவிடும்.

மேலே 25 அல்லது 40 வாட் குண்டு பல்பை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்இடி விளக்கு வேண்டாம், அதில் போதிய சூடு இல்லை. பல்பைக் கிட்டே கொண்டுபோய் அவசரப்படுத்தவும் வேண்டாம். சிற்றுண்ணிகளில் பல மிக மெதுவாக நடப்பவை. சருகு சட்டென்று காய்ந்தால் இறங்குவதற்கு முன் வழியிலேயே செத்துப்போகும். மூன்று முதல் ஐந்து நாள் மெல்லக் காயட்டும். கீழே இருப்பது தீப்பற்றும் திரவம், மேலே இருப்பது காய்ந்த சருகு. ஆள் இல்லாதபோதும் இரவில் தூங்கும்போதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

செடியில் இருப்பவை

சாமந்திப் பூவை வெள்ளைத் தாளின் மேல் இரண்டு தட்டு தட்டினால், கோடுபோல மெலிந்த பழுப்புப் பூச்சிகள் ஓடும். அவை இலைப்பேன். ஆல்கஹாலில் நனைத்த நுண்ணிய தூரிகையின் நுனியால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் பிடிக்காதீர்கள், நசுங்கிவிடும்.

மிளகாய்த் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அருமையான பயிற்சி ஒன்று உண்டு. இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் வழக்கமாக அது இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் மஞ்சள் சிலந்திப்பேனின் வேலை. இரண்டு இலைகளையும் தனித்தனிக் குப்பியில் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கி, அடியில் படிவதைப் பாருங்கள். விவசாயி இலையை வைத்துச் சொல்வதை நீங்கள் ஸ்லைடில் சரிபார்க்கலாம்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஈரியோபைட் சிலந்தியைத் தெரியாமல் இருக்காது. பெயர்தான் சிலந்தி, இதுவும் சிற்றுண்ணியே. 1990-களின் இறுதியில் கேரளத்தில் தென்பட்டு, தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் பரவியது. காம்பை ஒட்டிக் குரும்பையை மூடியிருக்கும் இதழ்களைப் பிரித்தால், அடியில் வெளிறிய திட்டு தெரியும். அதைத் தூரிகையால் வழித்தெடுங்கள். நீளம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. புழு போன்ற உடல். சிற்றுண்ணிக்கு வழக்கமான எட்டுக் கால் இல்லாமல், தலைப்பக்கம் நான்கே கால். புங்க இலையில் முண்டு முண்டாக இருக்கும் கட்டிகளுக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான்.

பிரித்து வைத்தல்

குப்பியில் சேர்ந்ததை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுங்கள். கறுத்த சிற்றுண்ணிகள் தெளிவாகத் தெரியும். வெளிறியவற்றுக்குக் கண்ணாடிக் கிண்ணமும் அடியில் கறுப்புத் தாளும் வேண்டும். ஸ்பிரிங்டெயில்களின் தோலில் தண்ணீர் ஒட்டாது, அதனால் மேலேயே மிதக்கும்; தூரிகையால் அமுக்கி மூழ்கவையுங்கள்.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சிறு தாள் ஒன்று அப்போதே போய்விட வேண்டும்: எந்த ஊர், எந்த மரத்தடி, எந்தத் தேதி. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். நாளை எழுதலாம் என்று விட்ட குப்பிகள் எங்கிருந்து வந்தவை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அழகான படம் எடுக்கலாம், அவ்வளவுதான். அறிவியலுக்கு அதனால் பயனில்லை.

தெளிய வைத்தல்

வேலையின் உயிர்நாடி இதுதான். இங்கே அவசரம் வேண்டாம்.

வீட்டில் செய்பவர்களுக்கு லாக்டிக் அமிலம் நல்லது. கெமிக்கல் கடைகளில் 85 முதல் 90% அடர்த்தியில் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கையாளுங்கள். தோலில் பட்டால் உடனே கழுவுங்கள். சிற்றுண்ணி ஆய்வாளர்கள் விரும்பும் ஹோயர் கலவையில் குளோரல் ஹைட்ரேட் இருக்கிறது. அது மயக்க மருந்து, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, வீட்டுக்கு வேண்டாம்.

ஆல்கஹாலில் இருந்து எடுத்ததை நேராக அடர்ந்த அமிலத்தில் போட்டால் உடல் சப்பிப்போகும். உள்ளே இருக்கும் ஆல்கஹால் வேகமாக வெளியேற, கெட்டியான அமிலம் அதே வேகத்தில் உள்ளே புக முடியாது. நடுவில் கூடு ஒடுங்கிவிடும். ஆகவே பாதி ஆல்கஹால், பாதி லாக்டிக் அமிலம் கலந்து, அதில் உயிரைப் போட்டு, தூசி விழாமல் லேசாக மூடி வையுங்கள். ஆல்கஹால் தானே ஆவியாகி, அமிலம் மெல்ல உள்ளே இறங்கும். பிறகு முழு அமிலத்துக்கு மாற்றலாம்.

எவ்வளவு நேரம் என்பது உடலைப் பொறுத்தது. செம்பேன் போன்ற மென்மையானவற்றுக்குச் சில மணி நேரமே போதும், அதிகம் விட்டால் உப்பிவிடும். வண்டுபோல ஓடு தடித்த ஒரிபாட்டிட் சிற்றுண்ணிகளுக்கு நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். கறுப்பு, பழுப்பாகி, தேன் நிறத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். உள்ளே உணவு அடைத்திருந்தால் நுண்ணிய ஊசியால் வயிற்றின் ஓரத்தில் ஒரு துளை போடுங்கள்.

முதலில் உருட்டிப் பாருங்கள்

நிரந்தர ஸ்லைடு செய்வதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். நடுவில் குழியுள்ள ஸ்லைடை எடுத்து, குழியில் பாதியை மட்டும் மூடும்படி கவர்ஸ்லிப் வையுங்கள். ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தை அதன் ஓரத்தில் விட்டால் அடியில் ஓடிப் பரவும். சிற்றுண்ணியை ஊசியால் தள்ளி, குழி ஆழம் குறைந்து கண்ணாடியும் கவர்ஸ்லிப்பும் நெருங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கவர்ஸ்லிப்பை மயிரிழை அளவு நகர்த்தினால் சிற்றுண்ணி உருளும். முதுகு, வயிறு, பக்கவாடு என்று ஒரே உயிரை எல்லாத் திசையிலும் பார்த்துவிடலாம்.

ஒரிபாட்டிட்டின் முதுகின் முன்பகுதியில் இரு பக்கமும் சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு உணர்மயிர் எழும். சில இனங்களில் அது நூல்போல நீளும், சிலவற்றில் நுனி தடித்துக் கதாயுதம்போல இருக்கும். இனம் பிரிப்பவர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள். ஸ்பிரிங்டெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால், வயிற்றின் கீழ் மடங்கிக் கிடக்கும் கவட்டை வாலும், அதை இழுத்துப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியும் தெரியும். கொக்கி விடுபட்டதும் வால் தரையை அடிக்கிறது, அது துள்ளுகிறது. இலைப்பேனின் வாயில் இடது தாடை மட்டுமே வளர்ந்திருக்கும், வலது குறுகிப்போயிருக்கும். சிற்றுண்ணியின் இளம்பருவத்துக்கு ஆறே கால் என்பதையும் நினைவில் வையுங்கள். பூச்சி என்று ஏமாறுபவர்கள் பலர்.

ஜெல்லி

நிரந்தரப் பதிவுக்குக் கிளிசரின் ஜெல்லி எளிது. 8 கிராம் ஜெலட்டினை 42 மி.லி. வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் குப்பியை வைத்துக் கரையவிட்டு, 50 மி.லி. கிளிசரின் சேர்த்து, குமிழி வராமல் மெல்லக் கலக்குங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பில் சில துகள்களை ஒரு சொட்டு ஆல்கஹாலில் கரைத்துச் சேருங்கள். மெல்லிய துணியில் வடிகட்டிச் சிறு குப்பிகளில் உறையவையுங்கள். அகர்-அகர் இதற்கு உதவாது. அது உருக மிக அதிக சூடு வேண்டும்.

கனடா பால்சம் எனும் மரப்பிசினில் பதித்தால் நூறாண்டு தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். தாங்கும்தான். ஆனால் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53, பூச்சிக் கூட்டினுடையது ஏறத்தாழ 1.55. இரண்டும் இவ்வளவு நெருங்கினால் மெல்லிய மயிர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். நிறமே இல்லாத சிற்றுண்ணிக்குக் கிளிசரின் ஜெல்லிதான் என் தேர்வு.

ஏற்றுதல்

1. தெளிந்த உயிரை வடிநீரில் அலசி, அமிலத்தைப் போக்குங்கள். பிறகு ஒரு துளி கிளிசரினில் சிறிது நேரம் வையுங்கள்.
2. ஸ்லைடையும் கவர்ஸ்லிப்பையும் ஆல்கஹாலால் துடையுங்கள்.
3. அரிசிமணி அளவு ஜெல்லியை ஸ்லைடின் நடுவில் வைத்து, அடியில் வெந்நீர்க் கிண்ணம் காட்டி உருக்குங்கள். கொதிக்கவிடக் கூடாது.
4. உயிரை ஊசி நுனியில் எடுத்து ஜெல்லியின் அடிவரை அமுக்குங்கள். கால்களை விரித்து, எந்தப் பக்கம் மேலே வேண்டுமோ அப்படித் திருப்புங்கள்.
5. தடித்த உடலென்றால் அதன் இரு பக்கமும் மெல்லிய தூண்டில் நரம்புத் துண்டு, மென்மையானதென்றால் தலைமயிர்த் துண்டு. கவர்ஸ்லிப் அதன் மேல் உட்காரும், உடல் நசுங்காது.
6. கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பை ஜெல்லியில் தொடவைத்து, மறுவிளிம்பை ஊசியால் தாங்கியபடி மெதுவாக இறக்குங்கள். காற்று ஓரமாக வெளியேறிவிடும்.

நாலைந்து நாள் சமதளத்தில் வையுங்கள். ஓரத்தில் வழிந்த ஜெல்லியைப் பிளேடால் சுரண்டி, ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நிறமற்ற நகப்பாலிஷ் இரண்டு பூச்சு. கிளிசரின் துளியளவு இருந்தாலும் பாலிஷ் அங்கே ஒட்டாது.

லேபிளை ஸ்லைடின் இரு பக்கமும் ஒட்டலாம். இடப்புறம் ஊர், இடம், தேதி, சேகரித்தவர். வலப்புறம் உயிரின் பெயரும், எதில் பதித்தது என்பதும். இனம் தெரியாவிட்டால் குடும்பம் வரை எழுதுங்கள், அதுவும் தெரியாவிட்டால் வெறுமனே "சிற்றுண்ணி" என்றே எழுதுங்கள். ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள்.

பார்க்கும்போது 4x-இல் தொடங்கி, ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கண்மணித் துளையைச் சற்று மூடுங்கள். தெளிந்த உடல் முழு வெளிச்சத்தில் கரைந்துபோகும். துளை குறுகக் குறுக மயிரும் மடிப்பும் எழுந்து தெரியும்.

நம் ஊர்க் கோடையில் ஜெல்லி இளகக்கூடும். பெட்டியில் ஸ்லைடுகளைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கவையுங்கள், வெயில் படாத அலமாரியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓரங்களைப் பாருங்கள். பாலிஷ் விரிசல் விட்டிருந்தால் மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள்.