ஸ்வெட்ஷாப்புன்னா என்ன, உங்க சம்பள ஸ்லிப்ப எப்படி செக் பண்றது

பினாங்குல ஃபேக்டரி வேலைக்கு போற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன். ஸ்வெட்ஷாப்புங்கறது ஏர்கோன் இல்லாம வேர்க்கற இடம்னு நெனைக்காதீங்க, 19ஆம் நூற்றாண்டுல லண்டன் தையல் தொழில்ல நடுவுல ஆர்டர் எடுக்கறவனுக்கு ஸ்வெட்டர்னு பேரு, அவன் தன் பங்க உருவிட்டு மிச்சத்த தான் தைக்கறவங்களுக்கு குடுப்பான், இப்படி கூலிய உருவி ஆளுங்கள கசக்கி வேல வாங்கற இடம் தான் ஸ்வெட்ஷாப், நம்ம ஊரு ஏஜெண்டுங்கள பாத்தவங்களுக்கு இது புதுசு இல்ல. 1909ல தான் பிரிட்டன்ல சட்டம் போட்டு தையல், சங்கிலி செய்யறதுன்னு 4 தொழிலுக்கு குறைஞ்சபட்ச கூலி வர வழி பண்ணாங்க.

சரி, ஸ்லிப்ப எடுங்க. மலேசியாவுல சட்டப்படி முழு நேர வேலைக்கு பேசிக் சம்பளம் மட்டுமே 1,700 வெள்ளி (ரிங்கிட்) இருக்கணும், அலவன்ஸ சேத்து 1,700 காட்டுனா ஒத்துக்காதீங்க.

அடுத்து ஓவர்டைம், இதுல தான் நெறைய பேர ஏமாத்தறாங்க. 1,700ஐ மாசத்துக்கு 26 வேல நாள்னு வகுத்தா ஒரு நாளைக்கு 65.38, அத 8 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 8.17, சாதா நாள்ல ஒன்றரை மடங்கு, அதாவது 12.26 வரணும். ஓய்வு நாள் ஓவர்டைம்னா 2 மடங்கு, பொது விடுமுறைன்னா 3.

கணக்கு இடிச்சா பஞ்ச் கார்ட ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, ஸ்லிப்போட நேரா தொழிலாளர் இலாகாவுக்கு போங்க, சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கட்டி ஒண்ணும் ஆகாது.