வாடகைக்கு விட பழைய ஃபிளாட் வாங்கும் முன்

சென்னையில் வாடகைக்கு விடலாம் என்று பழைய ஃபிளாட் பார்க்கிறீர்களா? வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் வக்கீல் பார்த்துவிடுவார். கட்டடத்தை யார் பார்ப்பது? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு சிவில் இன்ஜினியரை நீங்களே அமர்த்துங்கள். புரோக்கர் அனுப்பும் ஆள் வேண்டாம்.

எல்லாச் சோதனையும் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. இருபது வருடத்துக்கு மேலான கட்டடம் என்றால் கார் பார்க்கிங் தூண்களை முதலில் காட்டுங்கள். நீளவாக்கில் விரிசலும் துருக்கறையும் இருந்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி அரிக்கிறது என்று அர்த்தம். புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும், கவனம். கடைசி மாடி வீடென்றால் மொட்டைமாடித் தளத்தில் நீர்க்கசிவு பார்க்க வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் போல 2015-இல் தண்ணீர் நின்ற பகுதி என்றால், சம்ப்புக்குள் வெள்ளம் புகுந்ததா, மழைக்குக் கழிவுநீர் எதிர்த்து வருகிறதா என்று தரைத்தளத்தில் குடியிருப்பவரிடமே கேளுங்கள்.

வயரிங்கை எலக்ட்ரீஷியன் தனியாகப் பார்க்கட்டும். எர்த்தும், மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் கீசர் மாட்டி ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது உயிருக்கே ஆபத்து. அப்புறம், ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள். ரிப்பேர் செலவைக் காட்டி விலையைக் குறைத்துப் பேச உதவும்.