மருத்துவ ஆய்வை நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி? – படிப்படியாக

மொரீசியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதனால் கோவில் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, குடும்ப வாட்ஸாப் குழுவைத் திறந்தாலும் சரி, பேச்சு சுகரில்தான் வந்து நிற்கும். கூடவே இப்படி ஒரு செய்தியும் சுற்றும்: "சுகரை ரொம்பக் குறைத்தால் சாவு 22 சதவீதம் அதிகம். அமெரிக்க ஆய்வில் கண்டுபிடிப்பு."

இதைப் படித்த ஒரு பாட்டி மறுநாள் காலை மாத்திரை டப்பாவை ஓரமாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? செய்தி பொய் இல்லை, அந்த எண்ணும் ஆய்விலேயே இருக்கிறது. ஆனால் எண்ணைச் சுற்றி இருக்க வேண்டிய நாலைந்து வரிகள் வழியில் உதிர்ந்துவிட்டன. அந்த வரிகளைத் தேடி எடுத்து எழுதும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் மருத்துவர் அல்ல, தமிழாசிரியை. எங்கள் சங்கத்துக்காக மாதம் ஒரு பக்கம் உடல்நலக் குறிப்பு எழுதி வருகிறேன். அதில் கைவந்த முறை இது. பப்மெட்டில் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) தேடவும், ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் படிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மூல ஆய்வைக் கையில் எடுங்கள்

நம் ஊரில் ஒரு செய்தி பிரெஞ்சுப் பத்திரிகையில் வரும், வானொலியில் கிரியோலில் பேசப்படும், பிறகு வாட்ஸாப்பில் தமிழில் வந்து சேரும். இத்தனை கை மாறியதை நம்பி எழுத வேண்டாம். ஆய்வின் பெயர், ஆண்டு, இதழ் இந்த மூன்றும் கிடைத்தால் மூலத்தைப் பிடித்துவிடலாம். மேலே சொன்ன செய்தி அக்கார்ட் (ACCORD) என்ற ஆய்வைப் பற்றியது. 2008 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பழைய ஆய்வுதான், ஆனாலும் புதிதுபோல அடிக்கடி தலைகாட்டுகிறது.

கட்டுரை காசு கேட்டால் பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடலாம். பலர் மகிழ்ச்சியாக அனுப்பி வைப்பார்கள்.

முன்னுரையையும் முடிவுரையையும் கடைசியில் படியுங்கள். எனக்கு அட்டவணைகள்தான் முதலில். முதல் அட்டவணையில் கலந்துகொண்டவர்கள் யார் என்று இருக்கும், அடுத்தடுத்த அட்டவணைகளில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இருக்கும். இரண்டையும் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். திரையில் படித்தால் கண் எண்களைத் தாவிப் போய்விடுகிறது.

படி 2: யாரிடம் செய்தார்கள்? எதோடு எதை ஒப்பிட்டார்கள்?

முதலில் மனிதரா எலியா என்று பாருங்கள். முருங்கைக்கீரை சுகரைக் குறைக்கும் என்று வரும் செய்திகளில் பலவற்றைத் தோண்டினால் எலிக்கூண்டுதான் தெரியும். முருங்கைக்கீரை நல்ல கீரை, நம் வீட்டில் வாரம் தவறாமல் சமைப்பதுதான். ஆனால் எலியில் பார்த்ததை அம்மாவின் மாத்திரைக்கு மாற்றாக எழுதவே கூடாது.

மனிதர் என்றால், எப்படிப்பட்ட மனிதர்? அக்கார்டில் இருந்தவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேர். சராசரி வயது 62. பாதிப் பேருக்குச் சுகர் வந்து பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. எல்லோரும் ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள், அல்லது வரும் வாய்ப்பு கூடியவர்கள். போன மாதம் சுகர் தெரியவந்த முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இந்த முடிவை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சுகரைக் காட்டும் சோதனை, 6 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும் என்று மருந்தைக் கூட்டினார்கள். மற்றக் குழுவுக்கு 7 முதல் 7.9 வரை போதும் என்று வைத்தார்கள். கவனியுங்கள், இரண்டு குழுவுமே மருந்து எடுத்தார்கள். மருந்தை நிறுத்தியவர்கள் என்று ஒரு குழுவே அந்த ஆய்வில் கிடையாது! வாட்ஸாப் செய்தியில் உதிர்ந்துபோன முதல் வரி இதுதான். வேறு எதை எழுத மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

குலுக்கல் இல்லாத ஆய்வுகளும் வரும். நம் தீவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1987இல் அரசு ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெயாக மாற்றியது. 1987இலும் 1992இலும் மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆக இறங்கியிருந்தது. ஒரு நாடே எண்ணெயை மாற்றிப் பலன் கண்ட கதையாக இது உலகெங்கும் பேசப்பட்டது. எனக்கும் இதில் பெருமை உண்டு. ஆனாலும் எழுதும்போது, அதே ஐந்தாண்டில் ஆண்களில் புகைபிடிப்பவர்கள் 58 சதவீதத்திலிருந்து 47.2 சதவீதமாகக் குறைந்ததையும், அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள் பெரிய அளவில் குறைந்ததையும், உடல் பருமன் மட்டும் கூடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணெய் மாறாத இன்னொரு மொரீசியஸை ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லையே. எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாமும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படி 3: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. உங்களுக்கும் பிடிக்கும். அவசரப்படாதீர்கள்.

"22 சதவீதம் அதிகம்" என்றதும் நூறு பேரில் 22 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. அட்டவணையைப் பாருங்கள். சுகரை மிகவும் இறக்கிய குழுவில் 5,128 பேரில் 257 பேர் இறந்தார்கள். மற்றக் குழுவில் 5,123 பேரில் 203 பேர். கால்குலேட்டரில் 257ஐ 5,128ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 50 வரும். மற்றதையும் அப்படியே செய்தால் 40 வரும்.

ஆக, சராசரியாக மூன்றரை ஆண்டில், ஆயிரம் பேரில் 40 பேர் இறந்த இடத்தில் 50 பேர் இறந்தார்கள். அதாவது ஆயிரத்துக்குப் பத்துப் பேர் கூடுதல். இது சின்ன விஷயம் இல்லை, பத்து உயிர். ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தியதும் இதனால்தான். ஆனால் 22 என்ற எண் தந்த படம் வேறு, இந்தப் படம் வேறு.

(40லிருந்து 50 என்றால் 25 சதவீதம் ஆயிற்றே என்று கேட்பீர்கள். யார் எத்தனை நாள் கண்காணிப்பில் இருந்தார் என்பதையும் சேர்த்து ஆய்வாளர்கள் கணக்கிடுவதால் 22 வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வரம்பும் இருக்கும்: உண்மையான கூடுதல் 1 சதவீதமாகவும் இருக்கலாம், 46 சதவீதமாகவும் இருக்கலாம். வரம்பு இவ்வளவு அகலமாக இருந்தால் "சுமார்" என்ற சொல்லைத் தயங்காமல் போடுங்கள்.)

இப்போது அதே அட்டவணையில் சற்றுக் கீழே வாருங்கள். உயிர் போகாத மாரடைப்பு: சுகரை மிகவும் இறக்கிய குழுவில் 186 பேருக்கு, மற்றதில் 235 பேருக்கு. ஆயிரத்துக்கு 36, 46. அதாவது பத்துப் பேர் குறைவு. ஒரே ஆய்வை வைத்து "சாவு 22 சதவீதம் கூடியது" என்றும் தலைப்புப் போடலாம், "மாரடைப்பு 24 சதவீதம் குறைந்தது" என்றும் போடலாம். இரண்டும் ஆய்வில் உள்ளவைதான். ஒன்றை மட்டும் படித்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். அதனால் நல்லது கெட்டது இரண்டையும், ஒரே ஆயிரம் பேரை வைத்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு இடத்தில் "25இல் ஒருவர்", இன்னொரு இடத்தில் "20இல் ஒருவர்" என்று எழுதவே வேண்டாம். 25 பெரிய எண் என்பதால் அதுவே பெரிய ஆபத்தாகத் தோன்றிவிடும். நூறென்றால் கடைசிவரை நூறு, ஆயிரமென்றால் கடைசிவரை ஆயிரம்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்காக நூறு வட்டம் வரைந்து காட்டுகிறேன், பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. ஒரு படத்தில் நான்கு வட்டம் கறுப்பு, மற்றதில் ஐந்து. வட்ட விளக்கப்படம், தூண் படம் எல்லாவற்றையும்விட எங்கள் பெரியவர்களுக்கு இதுதான் உடனே பிடிபடுகிறது. இதற்கென்று மென்பொருள் தேடாதீர்கள், கட்டம் போட்ட நோட்டுத் தாள் போதும்.

படி 4: அலகு

தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளிகளை இங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். அங்கே சுகரை மில்லிகிராமில் சொல்வார்கள்: 126, 200. நம் ஆய்வுக்கூடச் சீட்டில் மில்லிமோல்: 7.0, 11.1. இரண்டும் அதே அளவுதான். "120க்குள் இருக்கட்டும்" என்று காணொளியில் கேட்டுவிட்டு, தன் சீட்டில் 9 என்று பார்த்து நிம்மதியடைபவர் இருக்கிறார். 9 என்றால் மில்லிகிராமில் 162 என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம். எப்போதும் இரண்டையும் எழுதுங்கள், நம் ஊர் அளவு முதலில்.

படி 5: எழுதுங்கள்

ஒரு ஆய்வைத் தனியாக விடாதீர்கள். அக்கார்டைப் பற்றி எழுதினால், 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதில் புதிதாகச் சுகர் தெரியவந்தவர்கள் கட்டுப்பாடாக இருந்தபோது கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு ரத்தக் குழாய்களில் வரும் சிக்கல்கள் குறைந்தன. காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு வெளியிடும் எளிய சுருக்கங்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பவை. சில தமிழிலும் கிடைக்கின்றன. நான் எழுத உட்காருமுன் அங்கே ஒருமுறை போய் வருவேன்.

சொற்களில் பிடிவாதம் வேண்டாம். மக்கள் சுகர், பிரஷர் என்கிறார்கள், கிரியோலில் தியாபெத், தான்சியோன் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நான் கடைசியில் எழுதியது இது:

"சுகர் வந்து பல ஆண்டாகி, இதயக் கோளாறும் உள்ளவர்கள் (அல்லது வரக்கூடியவர்கள்) மருந்தைக் கூட்டிச் சுகரை மிகவும் கீழே இறக்கலாமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேரிடம் பார்த்தார்கள். எல்லோரும் மருந்து எடுத்தவர்களே. மூன்றரை ஆண்டில் ஆயிரம் பேருக்கு, மிகவும் இறக்கியவர்களில் சுமார் 50 பேரும், மிதமாக வைத்தவர்களில் சுமார் 40 பேரும் இறந்தார்கள். உயிர் போகாத மாரடைப்பு முதல் குழுவில் சுமார் 36 பேருக்கு, இரண்டாவதில் சுமார் 46 பேருக்கு. சுகர் திடீரென இறங்கி மயங்குவதும் முதல் குழுவில் அதிகம். மாத்திரையை நிறுத்தலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. என் வயதுக்கும் உடம்புக்கும் எவ்வளவு சரி என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்."

படி 6: ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

"புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகவாவது தலையாட்டுவார்கள். "இதைக் கேட்ட பிறகு நாளைக் காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள், அத்தை?" என்று கேளுங்கள். "பாதி மாத்திரைதான் போடுவேன்" என்று பதில் வந்தால் எழுதியதைத் திருத்த வேண்டும். மேலே உள்ள பத்தியில் "எல்லோரும் மருந்து எடுத்தவர்களே" என்ற வரி முதலில் கடைசியில் இருந்தது. இப்படி ஒரு பதில் வந்த பிறகுதான் அதை மேலே கொண்டுபோனேன்.

பிற்சேர்க்கை 1: ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கொலஸ்ட்ராலையும் 18ஆல் பெருக்கி, 5.5க்கு 99 வருகிறதே என்று கேட்டிருந்தார். 18 சுகருக்கு மட்டும். கொலஸ்ட்ராலுக்கு 38.67: 5.5 என்றால் சுமார் 213, 4.7 என்றால் சுமார் 182. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறு எடையும் வேறு என்பதால் பெருக்கும் எண்ணும் மாறும். எச்பிஏ1சிக்கு நேரடிப் பெருக்கலே கிடையாது. 6.5 சதவீதம் என்றால் புதிய அலகில் (மில்லிமோல்/மோல்) 48, 7 சதவீதம் என்றால் 53. இதற்கு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: "அம்மாவுக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத்து ஓடாது" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். இப்போது அதே பத்தியைக் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன். எண் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு முறை சொல்லுங்கள். எழுத்தைப் படமாக அனுப்பாதீர்கள். உரையாக அனுப்பினால் பெரிதாக்கிப் படிக்கலாம், பேத்தியிடம் கொடுத்துக் கிரியோலுக்கு மாற்றவும் சொல்லலாம்.

பிற்சேர்க்கை 3: ஆய்விதழில் இன்னும் வராமல், மருந்து நிறுவனத்தின் அறிக்கை மட்டும் வந்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டார். அறிக்கையில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்ற இரண்டு எண்ணும் இல்லையென்றால் மூன்றாம் படியைச் செய்யவே முடியாது. அட்டவணை வரும்வரை காத்திருங்கள், அந்த மாதத்துக்கு வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.